பிகில் ஊதியவர்களும் பஸ் ஓட்டியவர்களும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டது.)



செயலாளர் அண்ணன் போனில், "தம்பி, நீ ஒன்பது வருஷம் அமெரிக்காவில் இருந்தவன். வேலைவாய்ப்பு எப்படி, மேல்படிப்பு எப்படின்னு ஒரு இருபது நிமிஷம் பேசிடு" என்றார். அதைப் பேச என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் இந்த அரங்கத்திலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். "அண்ணே, நான் வேற ஒண்ணு பேசட்டுமா?" என்றேன். "என்னப்பா அது?" "பேண்டு வாசிக்கிறவங்களைப் பற்றி." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, பேசு. இருபது நிமிஷத்தைத் தாண்டாதே" என்றார். பெருந்தன்மைக்கு நன்றி, அண்ணே.

2006 முதல் 2010 வரை இங்கே இருந்த நாலு வருஷமும் நான் என்.சி.சி. பேண்டில் இருந்தேன். ஊதியது பிகில். புத்தகத்தில் அதை ப்யூகிள் என்று எழுதுவார்கள். நம் வாயில் பிகில்தான். மெக்கானிக்கல்காரன் என்பதால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். பிகிலில் துளை கிடையாது, பித்தான் கிடையாது. சுருட்டி வைத்த குழாய், அவ்வளவுதான். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதும்போது, அந்தக் குழாயின் நீளம் எந்த அதிர்வுகளை அனுமதிக்கிறதோ அவை மட்டுமே வரும். நம் கணக்கில் சொன்னால் ச, ப, மேல் ச, அதற்கும் மேலே அந்தர காந்தாரம், பிறகு இன்னொரு ப. ஐந்தே ஐந்து. கொடி ஏற்றுவது, இறக்குவது, தூங்கப் போகச் சொல்வது எல்லாம் இந்த ஐந்துக்குள்தான். இந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஹாஸ்டல் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தவன் நான்.

2013-ல் கம்பெனி என்னை இண்டியானா மாநிலத்துக்கு அனுப்பியது. டீசல் என்ஜின் சோதனை வேலை. வேலை நன்றாகவே இருந்தது. சாயந்தரம் ஆறு மணிக்கு மேல்தான் கஷ்டம். சின்ன ஊர், கார் இல்லாமல் எங்கும் போக முடியாது, பேச ஆள் கிடையாது. குளிர்காலத்தில் நாலு நாள் தொடர்ந்து, கடையில் "தேங்க்யூ" சொன்னதைத் தவிர வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன். வெளிநாடு போகத் துடிக்கும் தம்பிகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் கூட வேலை செய்பவர் ஒரு டிக்கெட் கொடுத்தார். "நீ பிகில் ஊதினேன் என்று சொன்னாயே, இதைப் போய்ப் பார்" என்றார். இண்டியானாபோலிஸ் நகரில் லூகாஸ் ஆயில் ஸ்டேடியம். டிரம் அண்ட் ப்யூகிள் கோர் போட்டியின் இறுதிச் சுற்று. நம் ஊர் போலீஸ் பேண்டு அணிவகுப்பை மனத்தில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

எப்படிச் சொல்வது? 100 கஜம் நீளமுள்ள கால்பந்து மைதானம். அதில் 150 பேர், எல்லாம் உங்கள் வயதுப் பிள்ளைகள். பித்தளை வாத்தியம், தோல் வாத்தியம், கொடி. புல்லாங்குழல் கிடையாது, கிளாரினெட் கிடையாது. ஊதிக்கொண்டே ஓடுகிறார்கள், பின்னால் நடக்கிறார்கள், வட்டம் போடுகிறார்கள், அந்த வட்டம் கண் முன்னாலேயே கரைந்து வேறு உருவமாகிறது. பன்னிரண்டு நிமிஷம்போல ஓர் ஆட்டம். ஒரு சத்தம் எழுந்தபோது என் சட்டைப் பையில் இருந்த பேனா நடுங்கியதை உணர்ந்தேன். அன்று ப்ளூ டெவில்ஸ் என்ற கலிபோர்னியக் குழு 100-க்கு 99.65 புள்ளி வாங்கியது. இன்று வரை அதை யாரும் தாண்டவில்லை.

ஆனால் நான் பேச வந்தது புள்ளியைப் பற்றி அல்ல. பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கும் வயது. வார்ப்பட ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "முதல் தடவையா?" என்றார். "ஆமாம் சார்." அந்த "சார்" அவருக்குச் சிரிப்பை வரவழைத்தது. பிகில் கதையைச் சொன்னேன். ஐந்து சுரம் என்றதும் என் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அவருடைய பையன்களுக்கே அது தெரியாதாம்.

அவர் வழியாகத்தான் இந்தக் கதை முழுவதும் எனக்கு வந்தது. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள், அமெரிக்கன் லீஜியன் போன்ற தங்கள் சங்கங்களில், ராணுவம் கழித்துப்போட்ட பிகில்களையும் டிரம்களையும் வைத்து ஆரம்பித்தது இது. பிறகு மாதா கோயில், சாரணர் படை, போலீஸ் கிளப் என்று தெருவுக்குத் தெரு பிள்ளைகளின் குழுக்கள் முளைத்தன. பெரியவர் 60-களில் வாசித்தவர். அவர் காலத்துப் பிகிலில் ஒரே ஒரு வால்வு இருந்தது. அதுவும் படுக்கை வாட்டத்தில், கட்டை விரலால் அழுத்துவதுபோல. அந்த ஒரு வால்வு கிடைத்ததே பெரிய வரம் என்பார். 2000-லிருந்துதான் எந்தச் சுருதியிலும் உள்ள மூன்று வால்வு வாத்தியங்கள் போட்டிக்குள் வந்தன. அது சரியா தவறா என்று அவரும் அவர் நண்பர்களும் நான் இருந்த காலம் பூராவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியை 2004-ல் அனுமதித்ததைப் பற்றி அவர்களிடம் கேட்கவே கூடாது. ராத்திரி சாப்பாடு ஆறிப்போகும்.

மார்க் போடும் முறையைச் சொன்னால் இங்கே இருக்கும் தரக் கட்டுப்பாட்டுக்காரர்கள் ரசிப்பார்கள். அந்தக் காலத்தில் நடுவர்கள் அட்டையும் பென்சிலுமாக மைதானத்துக்குள்ளேயே, வாசிப்பவர்களுக்கு நடுவில் நடப்பார்களாம். ஒருவன் கால் மாறினால் ஒரு கோடு. ஒரு சுரம் பிசகினால் ஒரு கோடு. கோட்டுக்குப் பத்தில் ஒரு புள்ளி போச்சு. அவர்கள் தப்பைத்தான் எண்ணினார்கள். 1984-ல்தான் அந்த முறையை எடுத்தார்கள். பெரியவரிடம், "அது கொடுமை இல்லையா சார்?" என்றேன். "கொடுமைதான். ஆனால் எந்தக் கோடு என்னால் விழுந்தது என்று எனக்குத் தெரியும், பஸ்ஸில் கூட இருப்பவனுக்கும் தெரியும். அதற்காக எவனும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்றார்.

அந்த வருஷமே அவர் உதவி செய்துகொண்டிருந்த சின்னக் குழு ஒன்றில் நானும் சேர்ந்தேன். வாசிக்க அல்ல, வயசு தாண்டிவிட்டது. 22 வயசோடு அங்கே கணக்கு முடிந்தது. நான் சேர்ந்தது ரிப்பேர் வேலைக்கு. 2015 கோடையிலிருந்து 2019 கோடை வரை என் லீவு முழுவதையும் அதற்குக் கொடுத்தேன்.

கோடை முழுக்க ஊர் ஊராகப் போவார்கள். ராத்திரி பஸ்ஸில் பயணம், விடியற்காலை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் தரையில் பாய் விரித்துத் தூக்கம், எழுந்தால் வெயிலில் பத்து மணி நேரம் பயிற்சி, சாயந்தரம் போட்டி, மறுபடி பஸ். பஸ் ஓட்டுபவர்கள், துணி தைப்பவர்கள், சமைப்பவர்கள் என்று நாற்பது ஐம்பது பெரியவர்கள் சம்பளமில்லாமல், அல்லது பெட்ரோலுக்குக்கூடக் காணாத சம்பளத்தில், பின்னாலேயே ஓடுவார்கள்.

சமையல் லாரி என்று ஒன்று உண்டு. நீளமான டிரெய்லர் வண்டிக்குள் அடுப்பு, குளிர்பெட்டி எல்லாம் வைத்து, ஒரு நாளைக்கு நாலு வேளை, 180 பேருக்கு. அதை நடத்திய அம்மாள் பள்ளிக்கூட கேண்டீனில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். மகன் எப்போதோ அந்தக் குழுவில் வாசித்துவிட்டுப் போய்விட்டான், அம்மா போகவில்லை. "அவன் ஜெயித்ததை நான் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்" என்பார் சாதாரணமாக. நான் சைவம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கென்று ஒரு தட்டைத் தனியாக மூடி வைத்துவிடுவார். ஒரு தடவை ஜெனரேட்டர் மக்கர் பண்ணி நான் இரண்டு மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்ததற்கு, "என்ன வேண்டும் கேள்" என்றார். "ஒரு வேளை நான் சமைக்கட்டுமா?" என்றேன். தக்காளி சாதம் செய்தேன், 180 பேருக்கு. நம் ஹாஸ்டல் மெஸ் மாஸ்டரை நினைத்துக்கொண்டுதான் உப்பைப் போட்டேன். பிள்ளைகள் இரண்டாம் தடவை வரிசையில் வந்து நின்றார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு கோடையிலும் ஒரு நாள் "தமிழ் சாப்பாடு" என்று லாரிக் கதவில் எழுதி ஒட்டப்பட்டது.

இனி, பேர் தெரிந்த சிலரைச் சொல்கிறேன். பெரியவரும் அவர் நண்பர்களும் இவர்களை, நாம் நம் பழைய வாத்தியார்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார்கள்.

முதலில் ஜிம் ஜோன்ஸ், டான் வாரன். ஜோன்ஸ் வயோமிங் மாநிலத்தில் காஸ்பர் என்ற ஊரில் 1957-ல் ட்ரூப்பர்ஸ் குழுவை ஆரம்பித்தவர். வாரன் சிகாகோவில் 1948-ல் ஒரு சாரணர் படையிலிருந்து காவலியர்ஸ் குழுவை உருவாக்கியவர். மைதானத்தில் இரண்டு பேரும் எதிரிகள். அந்த நாளில் போட்டிகளும் விதிகளும் போர் வீரர் சங்கங்களின் கையில் இருந்தன. பிள்ளைகளை வைத்து வண்டி ஓட்டுபவன் ஒருவன், விதி போடுபவன் வேறொருவன். 1971-ல் இந்த எதிரிகளும் மாடிசன் ஸ்கவுட்ஸ், ப்ளூ ஸ்டார்ஸ், சாண்டா கிளாரா வான்கார்டு குழுக்களும் ஒன்று சேர்ந்து, இனிமேல் நம் போட்டியை நாமே நடத்துவோம் என்று கிளம்பினார்கள். அதுதான் டிரம் கோர் இன்டர்நேஷனல். முதல் சாம்பியன்ஷிப் 1972-ல் விஸ்கான்சினில் வைட்வாட்டர் என்ற ஊரில் நடந்தது. ஜெயித்தது இவர்கள் ஐவரும் அல்ல, அனாஹைம் கிங்ஸ்மென். பெரியவர் இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் தொடையைத் தட்டிச் சிரிப்பார்.

வான்கார்டை 1967-ல் தொடங்கிய கேல் ராயர் பள்ளிக்கூட இசை ஆசிரியர். 1973, 1974 இரண்டு வருஷமும் ஜெயித்தார். அவர் 1993-ல் இறந்துபோனார். அவரிடம் வாசித்தவர்கள் இன்றும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், "மிஸ்டர் ராயர்" என்பார்கள். தாத்தா ஆகிவிட்ட மனிதர்கள் அப்படிச் சொல்லும்போது எனக்கு நம் டிராயிங் ஹால்தான் ஞாபகம் வரும்.

ஜிம் ஆட் பித்தளை வாத்தியங்களுக்கு இசை அமைத்தவர். ஸ்பிரிட் ஆஃப் அட்லாண்டா குழுவின் அந்த முரட்டு இனிமையான ஒலி அவருடையது. 1980-ல், சீசன் நடுவில், சாலை விபத்தில் போய்விட்டார். சிறந்த பித்தளைப் பிரிவுக்கான பரிசுக்கு இன்று அவர் பெயர். தாள வாத்தியத்துக்கு ஃபிரெட் சான்ஃபோர்டு பெயர். கொடிப் பிரிவுக்கு ஜார்ஜ் ஜிங்காலி பெயர். இதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கோப்பைக்கு மந்திரி பெயரோ, பணம் கொடுத்த முதலாளி பெயரோ வைக்காமல், வெயிலில் நின்று சொல்லிக் கொடுத்தவர்களின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

ஜிங்காலியைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசுவேன். செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதுவரைக்கும் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன உருவமோ அந்தப் பக்கமும் அதே உருவம், கண்ணாடியில் பார்த்த மாதிரி. நேர் வரிசைகள். இந்த மனிதர் கார்ஃபீல்டு கேடட்ஸ் குழுவுக்கு வரைந்து கொடுத்த அணிவகுப்பு அதை உடைத்தது. கோடு வளையும், இழுபடும், நிற்கவே நிற்காது. அந்தக் குழு 1983, 84, 85 மூன்று வருஷமும் தொடர்ந்து ஜெயித்தது. அதுவரை யாரும் அப்படி ஜெயித்ததில்லை. அன்று கம்ப்யூட்டர் வைத்து யாரும் வரையவில்லை. காகிதத்தில் புள்ளி புள்ளியாக வைத்தது. புள்ளியிலிருந்து புள்ளிக்கு ஒரு பிள்ளை எட்டு அடியில் போய்ச் சேர வேண்டும், வழியில் இன்னொரு பிள்ளை மேல் மோதக் கூடாது. நம் இயந்திர அசைவியல் பேப்பரில் அரியர் வைத்தவர்கள் யோசித்துப் பாருங்கள்.

பில் குக் வேறு ரகம். 1963-ல் புளூமிங்டன் என்ற ஊரில், தன் வீட்டின் உபரி அறையில் மருத்துவக் குழாய்கள் செய்யத் தொடங்கிப் பெரிய கம்பெனி ஆக்கியவர். அவர் உண்டாக்கிய ஸ்டார் ஆஃப் இண்டியானா குழு 1985-ல் முதன்முதலாகக் களம் இறங்கிய வருஷமே இறுதிச் சுற்றுக்கு வந்தது, 1991-ல் ஜெயித்தது. பணத்தால் வாங்கிய வெற்றி என்று பலர் முணுமுணுத்தார்கள். 1993-ல் அவர்கள் செய்த ஆட்டம் கூட்டத்துக்குப் புரியவில்லை. சிலர் கூச்சல் போட்டார்கள். 0.1 புள்ளியில் தோற்றார்கள். அத்தோடு போட்டியை விட்டே விலகி, பிறகு "ப்ளாஸ்ட்" என்ற மேடை நிகழ்ச்சியாக பிராட்வேக்குப் போய் 2001-ல் டோனி விருது வாங்கினார்கள். பணக்காரக் குழு என்பதால் பெரியவருக்கு அவர்களைப் பிடிக்காது. ஆனால் அந்த 1993 ஆட்டத்தின் ஒலிநாடா அவர் காரில் எப்போதும் இருந்தது. நான் கேட்டதற்கு, "பிடிக்காது என்றுதான் சொன்னேன், நன்றாக இல்லை என்று சொன்னேனா?" என்றார்.

எல்லாம் இனிப்பாகவே சொல்லிவிட்டுப் போனால் அது நியாயமில்லை. ஒரு காலத்தில் தெருப் பிள்ளைகள் சில்லறைக் காசு கட்டிச் சேர்ந்த இடம் அது. இன்று ஒரு கோடைக்கு ஒரு பிள்ளை பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். பணம் இல்லாமல், நன்றாக வாசிக்கும் பையன் ஒருவன் ஜனவரியில் பயிற்சி முகாமிலிருந்து பெட்டியோடு திரும்பிப் போனதை நான் பார்த்தேன். எனக்கு அந்த முகம் மறக்கவில்லை. இன்னொன்று: பெரியவர்கள் சிலர் பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்துகொண்டார்கள் என்ற புகார்கள் 2018-ல் வெளியே வந்தன. 1934 முதல் நடந்த கேடட்ஸ் குழு, நான் சொன்ன அந்த மூன்று வருஷச் சாம்பியன், பழைய புகார் ஒன்றின் வழக்கைத் தாங்க முடியாமல் 2024-ல் மூடப்பட்டது. பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் எந்த இடத்திலும், கல்லூரி ஹாஸ்டல் உட்பட, கேள்வி கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். நம் பெரியவர் பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருவார். ஏன் என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது; அங்கிருந்து பார்த்தால்தான் எல்லாச் சீட்டும் தெரியும்.

அவரிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் எஃகு உருண்டைகள், வளைந்த கம்பிகள், சிறு சுத்தியல்கள். நெளிந்த வாத்தியக் குழாய்க்குள் சரியான அளவு உருண்டையை விட்டு, வெளியிலிருந்து தட்டித் தட்டி நெளிவை எடுக்கும் வேலை. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தார். "உலோகத்துக்குத் தன் பழைய உருவம் ஞாபகம் இருக்கும், நீ அவசரப்படுத்தாதே" என்பார். உலோகவியல் படித்தவன் நான், அது விஞ்ஞானப்படி சரியில்லை என்று சொல்லத் தோன்றும். சொன்னதில்லை.

2020-ல் கொரோனாவால் சீசன் ரத்தானது. 1972-லிருந்து ஒரு வருஷம்கூட நிற்காதது அந்த வருஷம் நின்றது. பெரியவர் அந்த நவம்பரில் காலமானார். அடக்கத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது. அதனால் நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்தின் கார் நிறுத்துமிடத்தில், ஆளுக்கு ஆறடி இடைவெளி விட்டு நின்றோம். சுண்ணாம்புக்கட்டியால் தரையில் புள்ளி வைத்தார்கள், அணிவகுப்புக்கு வைப்பதுபோலவே. முப்பது பேர் இருக்கும். எழுபது வயசுக்காரர்கள், போன வருஷம் வாசித்து முடித்த பிள்ளைகள், சமையல் லாரி அம்மாள். எனக்கும் ஒரு பிகில் கொடுத்தார்கள், வால்வு இல்லாதது. என் ஐந்து சுரம் அவர்களுக்குத் தெரியும். ச-வில் ஆரம்பித்து நான் ஊத, மற்றவர்கள் கீழே சேர்ந்துகொண்டார்கள். குளிரில் உதடு ஒத்துழைக்கவில்லை. யாரும் கோடு போடவில்லை.

அவர் சொன்ன ஒரு விஷயத்தை இந்தக் கூட்டத்துக்கென்றே வைத்திருந்தேன். முதல் சாம்பியன் கிங்ஸ்மென் என்றேன் அல்லவா, அந்தக் குழு எப்போதோ கலைந்துபோனது. 2007-ல் இறுதிப் போட்டி கலிபோர்னியாவில் பாசடீனா நகரில் நடந்தபோது, அதன் பழைய உறுப்பினர்கள் மறுபடி கூடினார்கள். ஐம்பது வயசைத் தாண்டியவர்கள். தொப்பை, மூட்டு வலி, மூக்குக் கண்ணாடி. 35 வருஷத்துக்கு முன்னால் வாசித்த இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்து, மைதானத்தில் இறங்கி நடந்து காட்டினார்கள். பெரியவர் அதைப் பார்க்க இரண்டாயிரம் மைல் போனாராம். "நன்றாக வாசித்தார்களா சார்?" என்றேன். "யாருக்குத் தெரியும்? எனக்குக் கண் தெரியவில்லை" என்றார்.

அவருடைய மரப்பெட்டியை அவர் மகள் என்னிடம் கொடுத்துவிட்டார். 2022-ல் ஊர் திரும்பும்போது கொண்டு வந்தேன். சென்னை கஸ்டம்ஸில் அந்த எஃகு உருண்டைகளுக்கு விளக்கம் சொல்லி மாளவில்லை. நேற்று சாயந்தரம் நம் என்.சி.சி. அறையைத் திறந்து பார்த்தேன். அலமாரியில் பதினொரு பிகில் இருக்கிறது. நாலு நெளிந்து கிடக்கிறது, இரண்டுக்கு ஊதுவாய் இல்லை, டிரம் ஒன்றுக்குத் தோல் போய்விட்டது. ஊதுவாய் ஆறு வாங்கி வந்திருக்கிறேன். இந்த வருஷம் பேண்டில் சேர ஆள் இல்லை என்று ஆபீசர் சார் சொன்னார். அது பேண்டு ரூமைத் திறந்து வைத்தால் தெரிந்துவிடும்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பெட்டியோடு அங்கே இருப்பேன். பழைய பேண்டுக்காரர்கள் யார் யார் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். தம்பி தங்கைகளும் வாருங்கள். டிபன் பத்தரை மணிக்கு, தக்காளி சாதம்.